இரண்டாவது கோல் காப்பாளர் சொல்ல வேண்டியது

சந்திரகலா போய்விட்டாள் என்று அவளுடைய தங்கை தொலைபேசியில் சொன்னபோது, மழையில் ஊறிய மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். சிறுநீரக நோய். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவளோடு சேர்ந்து ஆடிய உங்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவளிடம் எப்போதோ சொல்லிவிட்டேன். உங்களிடம்தான் சொல்லவில்லை.

வாரத்தில் மூன்று நாள் அவள் சம்பூரிலிருந்து மூதூருக்கு வந்து, லாஞ்சுப் படகில் குடாவைக் கடந்து பயிற்சிக்கு வருவாள். இறங்குதுறையில் கடற்படைச் சோதனையில் பையைக் கவிழ்த்துக் கொட்டுவார்கள். எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுக்கொண்டு நேரத்துக்கு வந்து நிற்பாள். எங்கள் அணியின் முதல் கோல் காப்பாளர் அவள், இரண்டாவது நான். ஒரு நாள் வரிசையாக எல்லாப் பெனால்ட்டிகளையும் கோட்டை விட்டுவிட்டு நான் அழுதபோது கிட்ட வந்தாள்.

“பந்தைப் பார்க்காதை. உதைக்கிறவளின்ட இடுப்பைப் பார்.”

அவளுடைய இடத்துக்குப் போட்டியாக இருந்தவள் நான். எனக்கு அதைச் சொல்லித்தர வேண்டிய தேவை அவளுக்கு இருக்கவில்லை.

பிறகு அந்தச் சர்வதேச இளையோர் பெண்கள் உதைபந்தாட்டப் போட்டி வந்தது. தேசிய அணிக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கோல் காப்பாளரைக் கேட்டிருந்தார்கள். சந்திரகலாவின் பெயர் போனது. சில நாட்களில் சண்டை மூண்டு சம்பூரில் ஷெல் விழத் தொடங்கியது. ஊரே எழும்பி ஓடியது. அவளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

வாரங்கள் கழித்து அவளுடைய மாமியைச் சந்தையில் கண்டேன். அவளும் வீட்டாரும் மட்டக்களப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லி, அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொன்னார். மறுநாள் பயிற்சியாளர், அவளைப் பற்றி ஏதும் தெரியுமா என்று என்னிடம் கேட்டார்.

“தெரியாது சேர்” என்றேன்.

அவளுடைய பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதினார்.

போனேன். முதன்முதலாக விமானம் ஏறினேன். எல்லா ஆட்டங்களிலும் தோற்றோம்.

அடுத்த ஆண்டு அவர்களைக் கிளிவெட்டி முகாமுக்குக் கொண்டுவந்தபோது பார்க்கப் போனேன். கூடாரத்துக்குள் இருந்து நிவாரண அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண்டதும் சிரித்தாள். எத்தனை கோல் விட்டேன் என்றுதான் முதலில் கேட்டாள். ஒவ்வொரு கோலுக்கும் நான் எங்கே நின்றேன் என்று நின்று காட்டச் சொன்னாள். காட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

“ஓம், உன்னைச் சந்தையில கண்டதெண்டு மாமி சொன்னவ” என்றாள். “நீ சேரிட்ட சொல்லியிருக்கலாம். அம்மாவை விட்டிட்டு வர ஏலாதெண்டு நானே சொல்லியிருப்பன். உன்னைப் போகச் சொல்லியிருப்பன்.”

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் பழகினோம். அந்தக் கதையை அவள் மறுபடி எடுக்கவேயில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது அன்று அவள் சொன்னதுதான். இப்போது மாவட்ட அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்பவர்களில் நானும் ஒருத்தி. ஒரு பிள்ளை பயிற்சிக்கு வராமல் நின்றுவிட்டால், பஸ் ஏறி அவள் இருக்கும் இடத்துக்கே போய்விடுவேன். வர ஏலாது என்றால், அதை அவள் வாயால் கேட்க வேண்டும்.