பின் கதவுப் பூட்டு

கோயமுத்தூரில் குண்டு வெடித்த அந்த மாசி மாதம், திருப்பூரில் சாப்பாட்டுத் தூக்குக்கும் சேர்த்துச் சனியன் பிடித்தது. லிங்கசாமியின் பனியன் கம்பெனி வாசலில் தயிர்ச்சோற்றைக்கூடக் கிளறிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். பின் கதவில் பெரிய பூட்டு ஒன்று ஏறியது. வெட்டுத்துணி மூட்டைகளை அந்தக் கதவை ஒட்டியே அடுக்கியும் விட்டார்கள்.

மருதாளுக்கு அந்தப் பூட்டைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. தைப்பவர்களுக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை அவளுக்கு. கணவன் வெள்ளையன் பல்லடம் பஸ்ஸின் படிக்கட்டிலிருந்து விழுந்து செத்தான். மகளை ஒற்றை ஆளாக நின்று படிக்க வைக்கிறாள். இப்போது அதே பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் சீட்டுக்கடியில் குனிந்து குண்டு தேடுகிறார்கள். படிக்கட்டில் மட்டும் இன்றைக்கும் கொத்தாகத் தொங்குகிறார்கள். என்ன சனங்களோ!

“பூட்டியே கெடக்கட்டுமக்கா. எவனாச்சும் பூந்து குண்டு கிண்டு வெச்சுட்டான்னா?” என்றாள் கூட வேலை செய்யும் குப்பாயி.

ஒருநாள் இஸ்திரி மேசையில் ஒயரில் பொறி பறந்து துணி பற்றியது. “குண்டு!” என்று யாரோ கத்த, அத்தனை பேரும் முன்வாசலில் போய் முட்டிக்கொண்டார்கள். மணலைக் கொட்டித் தீயை அணைத்தாயிற்று. நெரிசலில் மிதிபட்ட குப்பாயிக்குத்தான் கை ஒடிந்தது.

மறுநாளும் பூட்டு அப்படியே தொங்கியது. மருதாள் மூட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவடியில் உட்கார்ந்துவிட்டாள். வேலை போனால் மகளின் படிப்பும் போகும். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

லிங்கசாமி ஓடி வந்தார். “ஏம்மா மருதாளு, ஷிப்மெண்ட் நேரத்துல என்னம்மா இது? உங்க நல்லதுக்குத்தான பூட்டுனது?”

“ஆருங்க இல்லீன்னது? குண்டு வெக்கறவன் வருவானோ மாட்டானோ, அந்த ஒயருல நெதமும் பொறி பறக்குதுங்க. நேத்து தீ பெருசாயிருந்தா நாங்க எப்படீங்க வெளிய போறது?”

“உனக்கு வேலை வேண்டாமா?”

“வேணுங்க. உசுரோட ஊட்டுக்குப் போகோணுமுங்க.”

மிஷின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. தைப்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லிங்கசாமி சாவியை நீட்டினார். “இந்தா, நீயே வெச்சுக்க.”

“நான் லீவு போட்டா இவுங்க என்னங்க பண்ணுவாங்க? பூட்டே வேண்டாமுங்க. உள்பக்கமா ஒரு தாப்பாப் போட்டுடுங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஆசாரிக்கு ஆள் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் தாழ்ப்பாள் வந்தது, ஒயரும் மாறியது.

ஒடிந்த கை எலும்பு கூடி வேலைக்குத் திரும்பிய குப்பாயி, நேராகப் பின்பக்கம் போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். கதவு திறந்துகொண்டது.

“இன்னொருக்கா இழு கண்ணு, கையி பழகட்டும்” என்றாள் மருதாள்.