ஏழு எண்ணும் நேரம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், பெங்களூர் நெடுஞ்சாலையின் லாரி இரைச்சலுக்கு மேலே ஒரு மெல்லிய ஊளை எழும்பும். பிளேடால் கண்ணாடியைக் கீறியதுபோல் அது பல்லில் கூசும். நகரத்துப் பணக்காரர்கள் தங்கள் ஸ்போர்ட்ஸ் கார்களை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் விரட்டிப் பார்க்கக் கிளம்பும் நேரம் அது. நசரத்பேட்டையில் சாலையோரத்தில் நானும் பாஸ்கரும் காத்திருப்போம். இருவருக்கும் பதினாலு வயது. அவன் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, நான் அடுத்த தெருவில் வாடகைக்கு வந்தவன். "ஊட்டுல இன்னாத்துக்கு படுக்கிறீங்க, ரோட்டாண்டயே பாய் போட்டுக்கோங்க" என்பார் அவன் அம்மா.

எங்களுக்குக் கொஞ்சம் கிழக்கே போலீஸ் தடுப்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. கார்கள் அங்கே ஊர்ந்து நெளிந்து, வெளியே வந்ததும் சீறும். அந்தச் சீறலின் முதல் ஒலி கேட்டதும், ஏழு எண்ணி முடிப்பதற்குள் சாலையின் பாதியைக் கடந்து நடுத்திட்டை அடைந்துவிட வேண்டும், காரை அங்கிருந்து கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். நடக்க வேண்டும், ஓடுகிறவன் "பயந்தாங்கொள்ளி". இதற்குப் பெயர் "சத்தத்துக்கு ஏழு". பாஸ்கர் ஒருமுறைகூட ஓடியதில்லை.

நாங்கள் கொண்டாடிய ஒரு மாடலில் அந்த வருடம் புதிய தலைமுறை வந்திருந்தது. பழையதைவிடச் சின்ன இன்ஜின், கூடவே காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ. பாஸ்கருக்குக் குதிரைத்திறன் ஒன்றுதான் கணக்கு. "சின்ன இன்ஜின்ல இன்னா மாமே கீது, மிக்ஸி மோட்டாரு" என்று கேலி செய்தான். பூந்தமல்லி சலூனில் கிடந்த ஆங்கில கார் பத்திரிகையில் இரண்டு இன்ஜின்களையும் ஒப்பிட்ட அட்டவணை ஒன்றை நான் பார்த்தேன். குதிரைத்திறனில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் டார்க், அதாவது வண்டியைப் பிடித்துத் தள்ளும் பலம், புதியதில் மிக அதிகம். பழைய இன்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுழன்று அலறிய பிறகே தன் முழு டார்க்கையும் தரும்; இது இரண்டாயிரம் சுற்றுக்குள், அலறாமலே தந்துவிடும். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவனிடம் சொல்லவில்லை. புதிய கார் எங்களைத் தாண்டிப் போகும்போது எடுத்துக் காட்டி, அவன் வாயை அடைக்க நினைத்தேன். இரண்டு ஞாயிறுகள் அந்தக் கார் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு வந்தது. தடுப்புப் பக்கமிருந்து ஊளை எதுவும் எழவில்லை; தொண்டையைச் செருமுவதுபோல் ஓர் அடங்கிய உறுமல் மட்டும். பாஸ்கர் சிரித்தபடி இறங்கி, "ஒண்ணு" என்று உரக்க எண்ணத் தொடங்கினான். எனக்குப் புரிந்தது: இது அந்தப் புதிய கார், ஊளையிடாமலே பாய்ந்து வரும், ஏழு எண்ண நேரம் தராது. கை பைக்குப் போனதே தவிர, வாய் திறக்கவில்லை. அவன் "நாலு" என்றபோது கார் அவன்மீது இருந்தது.

வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. மருத்துவமனையில் அவன் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "சத்தமே போடலடா அது." அவன் அம்மா என்னைப் பார்த்து, "நீ கூடத்தானே இருந்தே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வீட்டில் அம்மா துவைத்துப் போட்ட கால்சட்டையின் பையில் அந்தப் பத்திரிகைப் பக்கம் கூழாகியிருந்தது.

பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. நாங்கள் போய் நின்ற நடுத்திட்டின்மேல் கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டார்கள். பாஸ்கர் வீட்டு நிலத்தில் அடுக்குமாடி நிற்கிறது. ஐடி வேலைக்குப் போகிறவர்களின் பேட்டரி கார்கள் அதிலிருந்து வெளியே வருகின்றன. நின்ற இடத்திலேயே முழு டார்க், உறுமல்கூட இல்லை. இன்றைக்கு அந்தச் சாலையில் கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் வைத்து, எந்தத் தலைமுறை இன்ஜின் என்று சொல்ல யாராலும் முடியாது, யாருக்கும் அது தேவையுமில்லை.

பாஸ்கர் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியின் வாகன நிறுத்தத்தில் டோக்கன் கொடுக்கிறான். போன மாதம் அங்கே போய், பைக்கிலிருந்து இறங்காமலே, அந்தப் பத்திரிகைப் பக்கத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். மூன்று வாரம் என் பையில் இருந்தது என்பதையும் சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டான். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"இன்னாத்துக்கு மச்சான் இத இப்ப சொல்றே?" என்றான்.

அவன் என் தோளுக்கு மேலே பார்த்தபடி அடுத்த டோக்கனைக் கிழித்தான். "வண்டிய ஓரங்கட்டு. பின்னால கார் நிக்குது."