உடை மாற்றும் அறையும் ஒன்பதாம் பொருளும்

ஹைருன் பீவி கேள்வி கேட்க எழுந்தால் கூட்டம் முடிந்துவிடும். ஆனைவாய்க்கால் பேரூராட்சிக்கு அவர் உறுப்பினராகி வந்த நாளிலிருந்து அதுதான் நடைமுறை. தலைவர் முத்துச்செல்வம் கண்ணைக் காட்டுவார். அட்டெண்டர் ஒலிப்பெட்டியின் பொத்தானை அழுத்துவார். தேசிய கீதம் தொடங்கிவிடும். அது ஒலித்தால் கூட்டம் நிறைவு என்று பொருள். கேள்வியோடு எழுந்தவர் கேள்வியோடு விறைப்பாக நிற்பார். கீதம் முடிந்ததும் எல்லாரும் வடைத் தட்டை நோக்கி நகர்ந்துவிடுவார்கள்.

"நான் எந்திச்சா மொத்தச் சபையும் எந்திச்சு நிக்கி. இந்த மரியாதை எந்த எம்எல்ஏவுக்கு உண்டு?" என்பார் ஹைருன் பீவி, வடையைப் பிட்டுக்கொண்டே.

கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டிய பொருள்களை வரிசை எண் போட்டுத் தட்டச்சு செய்வதும் சபையில் வாசிப்பதும் என் வேலை. அதனால் அவரைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

சிற்றருவிக்குப் போகும் சாலையில் அவருடைய தையல் கடை இருக்கிறது. கணவர் இத்ரீஸ் தம்மாமில் வேலை பார்க்கிறார். அருவிச் சீசன் வந்துவிட்டால் கடையில் ஒரே ஒரு சரக்குதான் ஓடும். அதற்குக் கூடார நைட்டி என்று பெயர். கழுத்தில் எலாஸ்டிக் வைத்து, ஆள் உள்ளே கையைக் காலை வீசலாம் என்கிற அகலத்தில் தைத்தது. குளித்துவிட்டு வருகிற பெண்கள் அதைத் தலைவழியே மாட்டிக்கொண்டு, நடுச்சாலையில் நின்றே உள்ளுக்குள் ஈரத்துணியை மாற்றிக்கொள்ளலாம். நன்றாக விற்கும். விற்கும்போதெல்லாம் அவருக்குக் கோபம் வரும்.

காரணம், சிற்றருவிப் படித்துறையை ஒட்டிப் பெண்கள் உடை மாற்ற ஓர் அறை ஏற்கெனவே இருந்தது. பேரூராட்சி கட்டியது. ரிப்பன் வெட்டித் திறந்த மறுவாரமே அதில் பூட்டு தொங்கியது. உள்ளே இருந்தது தலைவருடைய மச்சினனின் சீசன் கடைச் சரக்கு. சிப்ஸ் மூட்டை, எண்ணெய்ப் பாட்டில், குழந்தைகள் நீந்தும் ரப்பர் வளையம். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். பேரூராட்சிக்கு மட்டும் தெரியாது.

பெண்கள் வேனுக்குப் பின்னால் சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு மாற்றுவதும், பைக்கில் போகிறவர்கள் அங்கே வந்ததும் வேகத்தைக் குறைப்பதும் ஹைருன் பீவியின் கடை வாசலிலிருந்து நன்றாகத் தெரியும். ஒருமுறை செல்போனை நீட்டிய ஒருவனைக் கத்தரிக்கோலோடு பாலம் வரை விரட்டினார். அந்த ஓட்டத்தைப் பார்த்த தெருதான் அவரைத் தேர்தலில் நிற்கச் சொன்னது. ஜெயித்தும் விட்டார். ஆனால் சபையில் தலைவரை எதிர்த்து இருந்தவர்கள் இரண்டே பேர். இவரும், ஆட்டோ ஓட்டும் பெலிக்ஸும். பெலிக்ஸ் சபையில் பேசும் வார்த்தை ஒன்றுதான்: "வழிமொழிகிறேன்."

அறை பூட்டிக் கிடப்பதை விசாரிக்க ஒரு குழு வேண்டும் என்று ஹைருன் பீவி மனு கொடுத்தார். வழிமொழிபவர் கையெழுத்து இல்லை என்று திரும்பி வந்தது. கையெழுத்தோடு கொடுத்தார். இது சுகாதாரக் குழுவின் விஷயம் என்றார்கள். அந்தக் குழு கூடியதே இல்லை. மூன்றாவது மனுவை 'இதர பொருள்' என்ற தலைப்பில் கடைசியில் போடச் சொன்னார்கள். இதர பொருளுக்கு முன்னால் கீதம் வந்துவிடும். ஒருமுறை கோபத்தில் பெலிக்ஸை இழுத்துக்கொண்டு வெளிநடப்புச் செய்தார். எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் எல்லாத் தீர்மானமும் நிறைவேறியிருந்தது. வடையும் தீர்ந்திருந்தது.

"யக்கா, வெளிநடப்புல நமக்குத்தான் நட்டம்," என்றார் பெலிக்ஸ். அவர் அன்று பேசிய இரண்டாவது வாக்கியம் அது.

இந்த வருடம் சாரல் தொடங்கும் முன், தெருப் பெண்கள் ஹைருன் பீவியிடம் அறையைப் பற்றிக் கேட்டார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்தச் சீசனுக்குள்ள அந்தக் கதவு தொறக்கலன்னா நான் ராஜினாமா பண்ணுதேன்," என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிறவர் என்று அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்று மாலையே செய்தி தலைவருக்குப் போயிற்று. அவர் முகம் மலர்ந்தது.

"அந்தப் பொருள இந்தத் தடவ நடுவுல போடும்மா," என்றார் என்னிடம். "ஒம்பதாவதா போடு. முறைப்படி எடுத்து, முறைப்படி தோக்கடிச்சிருவோம். பெறவு இந்த வருசம் அந்தப் பேச்சே இருக்கப்பிடாது."

ஹைருன் பீவி எழுதியிருந்தபடியே தட்டச்சு செய்தேன். அறை பூட்டிக் கிடக்கும் காரணத்தை விசாரித்து அதைத் திறந்துவிட மூவர் குழு. குழுத் தலைவர் ஹைருன் பீவி, உறுப்பினர்கள் பெலிக்ஸும் ஆனந்தவள்ளியும். ஆனந்தவள்ளி ஆளும் தரப்பு. போதாததற்கு முத்துச்செல்வத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஒருதலைப்பட்சம் என்று யாரும் சொல்லக்கூடாதே என்று, ஆனந்தவள்ளியிடம் கேட்காமலேயே ஹைருன் பீவி அவர் பெயரைச் சேர்த்திருந்தார்.

கூட்ட நாள் காலையில் தலைவர் தம் ஆட்களை அலுவலகத்தில் தம் அறைக்குள் கூட்டிவைத்துப் பயிற்சி கொடுத்தார். அவர்களுக்கு அது தேவைப்பட்டது. பொருளை வாசித்தால் மேசையைத் தட்டி "ஆல் பாஸ்" சொல்வதைத் தவிர வேறு எதுவும் அவர்கள் செய்ததில்லை.

"ஒம்பதுக்கு மட்டும் தட்டப்பிடாது. வேண்டாம்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க?"

"வேண்டாம்."

"சத்தமா."

"வேண்டாம்!"

ஒருவர் மட்டும் பயிற்சிக்கு வரவில்லை. மணிமுத்து அண்ணாச்சி. முதல் ஆளாக மேசையைத் தட்டுகிறவர் எப்போதும் அவர்தான். அவர் தட்டினால் மற்றவர்கள் தட்டுவார்கள். அன்று விடியும் முன்பே அருவிகளில் நல்ல தண்ணீர் என்று தகவல் வந்திருந்தது. வாசுதேவநல்லூரிலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரை அழைத்துக்கொண்டு அவர் ஐந்தருவிக்குப் போய்விட்டார்.

நான் ஐந்தாம் பொருளை வாசித்துக்கொண்டிருந்தபோது ஈரத்தலையும் எண்ணெய் மணமுமாக உள்ளே வந்தார். தோளில் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் சம்பந்தி வேன் ஹாரன் அடித்தது. அடுத்து அவர்களுக்குச் சிற்றருவி.

"தலைவரே, அருவி பிச்சுக்கிட்டு விழுது. இங்கன உக்காந்து என்னத்தச் செய்யுதோம்? ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஆல் பாஸ்!"

படார் என்று மேசையைத் தட்டினார். அந்தச் சத்தம் கேட்டதும் மற்றக் கைகளும் தாமாக விழுந்தன. "ஆல் பாஸ், ஆல் பாஸ்." பெலிக்ஸ் கூட, "வழிமொழிகிறேன்" என்றார்.

"ஏ, இருங்கவே..." என்று தலைவர் எழுந்தார். தலைவர் எழுந்துவிட்டார், பொருள்களும் முடிந்துவிட்டன என்று கண்ட அட்டெண்டர் பொத்தானை அழுத்தினார். கீதம் தொடங்கியது. முத்துச்செல்வம் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு நேராக நின்றார். எதிர் வரிசையில் ஹைருன் பீவியும் நேராக நின்றார். கண்கள் மட்டும் சிரித்தன.

கீதம் முடிந்ததும் தலைவர் பாய்ந்தார். "என்ன வே செஞ்சீரு?"

"எப்பவும் செய்யுததத்தான் செஞ்சேன்," என்றார் மணிமுத்து அண்ணாச்சி, வடையை எடுத்தபடி.

தலைவர் செயல் அலுவலரைப் பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "நிறைவேறிட்டு சார். மாத்தணும்னா அடுத்த கூட்டத்துலதான்."

மறுநாள் காலை விசாரணைக் குழு படித்துறையில் கூடியது. ஆனந்தவள்ளி வரும்போதே பொரிந்தார். "ஏட்டி ஹைருனு, என் பேர எதுக்குட்டி எழுதுன? அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"மதினி, நீங்க சும்மா நின்னாப் போதும். விசாரணைய நான் பாத்துக்கிடுதேன்."

பூட்டு திறக்கச் சாவி வேண்டும். மச்சினனுக்கு ஹைருன் பீவி போன் செய்தார். எடுக்கவில்லை. ஆனந்தவள்ளி செய்தார். எடுத்தான்.

"சாவி எங்கிட்டதான் இருக்கு யக்கா. ஆனா நான் சுரண்டைல சரக்கு எடுத்துக்கிட்டு இருக்கேன். வர சாயங்காலம் ஆயிரும்."

அவன் பேசியது போனிலும் கேட்டது, பக்கத்துச் சிப்ஸ் கடைத் தட்டிக்குப் பின்னாலிருந்தும் கேட்டது.

"சுரண்டைல அருவிச் சத்தம் இம்புட்டுக் கேக்குதாலே?" என்றார் ஆனந்தவள்ளி.

அப்போது திருவேங்கடத்திலிருந்து வந்த வேன் ஒன்றின் பின்னால் ஈரச்சேலையோடு பெண்கள் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். பள்ளிக்கூட வயதுப் பெண் ஒருத்தியைச் சுற்றி அவள் அம்மா சேலையைப் பிடித்திருந்தாள். காற்று அந்தச் சேலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பாலத்தில் இரண்டு பைக்குகள் வேகம் குறைந்தன. ஆனந்தவள்ளி அதைப் பார்த்தார். நேரே தட்டிக்குப் பின்னால் போனார். திரும்பி வரும்போது கையில் சாவி இருந்தது. பின்னால் மச்சினன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தான்.

கதவு திறந்தது. சரக்கை எடுக்கும்வரை யாரும் காத்திருக்கவில்லை. சிப்ஸ் மூட்டைகளுக்கு நடுவில் பெண்கள் நுழைந்து உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டார்கள். வெளியே நின்ற மச்சினன், "என் வளையமெல்லாம் உள்ள இருக்கு," என்று புலம்பினான். உள்ளேயிருந்து ஒரு வளையத்தைச் சன்னல் வழியே எறிந்தார்கள்.

ஹைருன் பீவி மூன்று பக்க அறிக்கை எழுதினார். யார் சொல்லி அறை பூட்டப்பட்டது, யார் கேட்டுச் சாவி கைமாறியது என்று ஒழுங்காகக் கேட்டிருந்தார். அடுத்த கூட்டத்தில் முதல் பொருளே விசாரணைக் குழுவைக் கலைப்பது. கலைத்துவிட்டால், இல்லாத குழுவின் அறிக்கையை எப்படி வாசிப்பது என்றார் தலைவர். அறிக்கை வாசிக்கப்படவில்லை. இந்த முறை மேசை தட்ட விடாமல், கலைப்பதற்குக் கை தூக்கச் சொன்னபோது ஆளும் தரப்பில் எல்லாக் கையும் உயர்ந்தது. ஆனந்தவள்ளியின் கையும்தான்.

"மதினி, நீங்களுமா?"

"கமிட்டியத்தான கலைச்சேன். கதவ நான் தொட்டனா?"

தலைவர் சபையைச் சுற்றிப் பார்த்தார். திரும்பப் பூட்ட வேண்டுமானால் அதையும் ஒரு பொருளாக எழுதி, நான் வாசிக்க, அவர்கள் மேசை தட்ட வேண்டும். வரிசையில் பாதி பெண்கள். அவர் எழுதச் சொல்லவில்லை.

"சரி. சாவிய ஆபீசுல ஒப்படைங்க," என்றார் கடைசியாக.

ஆனந்தவள்ளி சாவி முடிந்திருந்த முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "கதவு தொறந்துல்லா கெடக்கு. சாவி எதுக்குண்ணே?"

அறையை யார் பூட்டச் சொன்னது என்ற கேள்விக்கு இன்றுவரை சபையில் பதில் இல்லை. ஹைருன் பீவி ராஜினாமா செய்யவில்லை. இந்தச் சீசனில் கூடார நைட்டி பாதிகூட விற்கவில்லை. மிஞ்சிய துணியை அவர் தலையணை உறையாகத் தைத்துக்கொண்டிருக்கிறார்.