இரண்டு நாழிகை கிழக்கே

மயிலாப்பூர் கச்சேரி ரோடு மசூதிக்குப் பின்சந்தில் குடியிருந்த அஃப்சருன்னிசா, வருஷம் முழுக்கத் திங்களும் வியாழனும் நோன்பு வைப்பாள். பக்தி மிகுந்தவள் என்று சந்தில் பெயர். அந்தப் பெயரில் பாதிதான் உண்மை. மீதிக்கு அவள் புருஷன் வலியுல்லா காரணம்.

வலியுல்லா மரவாடியில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவன். அந்தமானில், போர்ட் பிளேரை ஒட்டிய ஒரு குட்டித் தீவில் சர்க்காரின் மர மில் இருந்தது. கூடுதல் சம்பளம் என்று ஆள் எடுத்தார்கள், போனான். கப்பலேறும் முன் இருவரும் பேசி வைத்துக்கொண்டது ஒன்றுதான். திங்களும் வியாழனும் நோன்பு, ரம்ஜானில் தினமும். பொழுது சாய்ந்ததும் ஆளுக்கொரு பேரீச்சம்பழம்.

"நீ இங்க வாயில போடுறப்போ நானும் அங்க போடுவேன். ஒண்ணா குந்தி துன்ன மாதிரிதானே?" என்றான்.

அந்திப் பாங்கு கேட்டதும் அவள் பழத்தை வாயிலிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். கொட்டை தனியாகி நாக்கில் நிற்கும்வரை அவன் எதிரே இருப்பான். பிறகு எழுந்து அடுப்பைப் பார்ப்பாள்.

ஒப்பந்தம் முடிந்தது. அவன் வரவில்லை, இன்னொன்று போட்டுக்கொண்டான். குடியிருக்க வீடு தந்திருக்கிறார்கள், நீ புறப்பட்டு வா என்று எழுதினான். தீவாந்தரம் போன கைதிகள் ஊரில் குடும்பம் நடத்த மாட்டேன், வர வேண்டியது நீதான் என்று இவள் எழுதவைத்தாள். இப்படியே மூன்று வருஷம். பிடிவாதம் எங்கே முடிகிறது, பிரியம் எங்கே தொடங்குகிறது என்று யாரும் அளந்து கல் நட்டதில்லை.

முப்பத்திரண்டாம் வருஷ மழைக்காலத்தில், ஒரு திங்கட்கிழமை மாலை, பீர் முஹம்மது வந்தார். அந்தமான் கப்பலில் லஸ்கர் வேலை பார்ப்பவர், அதே சந்துக்காரர். வலியுல்லா கொடுத்தனுப்பிய சிப்பிகளை முற்றத்தில் கொட்டினார். பக்கத்து வீட்டு அமீனா பீ விசாரணையை ஆரம்பித்தாள்.

"அங்க ராஜா யாரு பாய்?"

"ராஜாவும் கெடையாது, முனிசிபாலிட்டியும் கெடையாது. சீஃப் கமிஷனர்னு ஒரு தொரை. கலெக்டரும் அவரு, ஜட்ஜும் அவரு. அவரு கையெழுத்து இல்லாம ஈ, காக்கா கூட எறங்க முடியாது."

"துன்றதுக்கு?"

"தேங்கா கீது, மீனு கீது. அரிசி ரங்கூன்லேந்து வரணும். கப்பல் லேட்டாச்சுன்னா தொரைக்கும் கெழங்குதான். மரம் மட்டும் மலையாட்டம் கீது. அறுத்து அறுத்து சீமைக்கு அனுப்பிக்கினே கீறாங்க."

"அரிசி வெளையாத ஊருக்கா இவளக் கூப்புடுறான்? நல்லா கீதே நாயம்!"

அப்போது பாங்கு கேட்டது. அஃப்சருன்னிசா பழத்தை வாயிலிட்டுக் கண்ணை மூடினாள். திறந்தபோது பீர் முஹம்மது அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவி, அவனும் இப்பத்தான் துன்னுவான்" என்றார்.

"தெரியும் பாய். ஒரே நேரத்துலதான் ரெண்டு பேரும்."

"இன்னா ஒரே நேரம்? அங்க பொழுது முழுகி ரெண்டு நாழி ஆச்சு. இங்கேந்து நேர் கெழக்கால கீற ஊரு தங்கச்சி. சூரியன் அங்க மொதல்ல மொளைக்கும், மொதல்ல முழுகும்."

அவளுக்கு விளங்கவில்லை. உலகத்துக்கெல்லாம் ஒரே அந்திதான் என்று இருந்தவள் அவள்.

"அப்ப அவரு?"

"எல்லாரும் கஞ்சி குடிச்சு, தொழுது, வூட்டுக்குப் போயிடுவாங்க. இவன் சட்டத்துக்கு ஒரு மடக்கு தண்ணி குடிச்சிட்டு, பழத்தைக் கையில வச்சிக்கினு கப்பல் ஜெட்டில போய் குந்திக்குவான். கேட்டா, மெட்ராஸ்ல இன்னும் இருட்டலம்பான். பள்ளிவாசல் ஹஜ்ரத்து திட்டாத திட்டு இல்ல. நோன்பு தொறக்குறத தள்ளிப்போடக் கூடாதுன்னு தெரியாதாடா உனக்குன்னு."

அமீனா பீ சிரித்தாள். அஃப்சருன்னிசா சிரிக்கவில்லை. வாக்குக் கொடுத்தபோது அவனுக்கும் இது தெரிந்திருக்காது. அங்கே போய் முதல் வாரமே தெரிந்திருக்கும். பகலெல்லாம் ரம்பத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, பசியோடு, இவளுடைய இருட்டுக்காகக் காத்திருக்கிறான். ஒரு வரி எழுதவில்லை. இதைப் பெரிய அன்பு என்று சொல்லிவிட எனக்குத் தயக்கம். ஊருக்குத் திரும்பி வருவதைவிட இது அவனுக்குச் சுலபமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவளுக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. தன் பங்குக்கும் சேர்த்து அவன் பட்டினி கிடந்தான் என்பது மட்டுமே அவளுக்குப் பட்டது.

மறுநாள் காலையில் பீர் முஹம்மதின் வாசலில் நின்றாள். "அந்தத் தொரைகிட்ட மனு போடணும்னா யாரைப் புடிக்கணும் பாய்?"

அனுமதி வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. வந்தபோது ரம்ஜான் பிறந்திருந்தது.

"பெருநா முடிச்சுட்டுப் போயேண்டி. நாலு வருஷமா போவாதவ, இப்ப இன்னா அவசரம்?" என்றாள் அமீனா பீ.

"அடுத்த கப்பலுக்கு ஒரு மாசம் ஆவும் ஆபா."

வீட்டைப் பூட்டிச் சாவியை அவளிடமே கொடுத்தாள். புறப்பட்டுவிட்டேன் என்று முந்தின வாரமே அவனுக்கு எழுதவைத்துப் போட்டிருந்தாள். கப்பலில் பீர் முஹம்மது அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தக் கடுதாசியும் இதே கப்பல்லதான் வருது தங்கச்சி. தீவுக்கு வேற எது போவுது? நீயே கையில குடுத்துடு!"

நாளுக்கு நாள் கப்பல் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தார்கள். மாலை சீக்கிரமாக வந்தது. மூன்றாம் நாள் பொழுது சாய்ந்தபோது, நாளைக்குக் கரை தெரியும் என்றார்கள். பீர் முஹம்மது ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்தார்.

"பிரயாணத்துல நோன்பே வேணாம்னு கீது. நீதான் கேக்கல. குடி, ஆறிடும்."

அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பழத்தைக் கையில் எடுத்தாள், வாயிலிடவில்லை.

"இன்னா?"

"அவரு இன்னும் துன்னிருக்க மாட்டாரு பாய். நான் மயிலாப்பூர்லதான் கீறேன்னு நெனச்சிக்கினு இருப்பாரு."

பீர் முஹம்மது கிண்ணத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மேற்கே அவள் விட்டு வந்த ஊரில் வெயில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். எதிரே கடல் இருண்டுவிட்டது. அந்த இருட்டுக்குள் எங்கோ, மயிலாப்பூரில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் விளக்கேற்றும் நேரம் வரட்டும் என்று ஒருவன் உட்கார்ந்திருந்தான். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அவளும் உட்கார்ந்திருந்தாள்.