தட்டுக்குப் பின்னால் குந்தியிருப்பவன்

என்னை ஊருக்கு அனுப்பிவைத்தவள் என் மனைவி. பெட்டியும் கட்டவில்லை, விமானச் சீட்டும் எடுக்கவில்லை. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் மூக்கில் குழாயோடு நான் படுத்திருக்க, அவள் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு மகனுக்குப் போன் எடுத்து, "அப்பா ஊருக்குப் போயிட்டார் தம்பி. கோயில் திருவிழாவெல்லே. அங்க இன்ரநெற் சரியில்லை, அதுதான் உனக்கு எடுக்கேல்லை" என்றாள். ஒரு சொல் தடக்கவில்லை. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் இவளுக்கு இப்படிப் பொய் சொல்ல வரும் என்று எனக்குத் தெரியாது.

பொய் அவளுடையது, கட்டளை என்னுடையது. வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த என்னை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அவள் விழுந்தடித்து ஓடிவந்தபோது நான் சொன்ன முதல் வார்த்தையே, "அவனுக்குச் சொல்லிப்போடாதையும்" என்பதுதான். இரத்தக்குழாய்கள் அடைத்துவிட்டன, நெஞ்சைத் திறந்தே ஆகவேண்டும் என்று டொக்டர் சொன்ன பிறகும் அதையேதான் திருப்பிச் சொன்னேன்.

எங்கள் ஆட்களின் வழக்கம் இது. சோதினை நடக்கும்போது பிள்ளைக்குத் துக்கச் செய்தி சொல்லமாட்டோம். நான் உயர்தரம் எழுதியபோது என் மாமா செத்து, எரித்து, காடாற்றும் முடிந்துவிட்டது. கடைசிப் பேப்பர் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனுசன். அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. இருந்தும் என் முறை வந்தபோது நானும் அதையேதான் செய்தேன். வேறு விதமாகச் செய்ய எனக்குத் தெரியவில்லை.

மகனுக்கு அந்தக் கோடையில் நடந்துகொண்டிருந்ததும் சோதினைதான். அவன் பேஸ்போல் விளையாடுகிறவன், அதுவும் சம்பளத்துக்கு. கச்சர். கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர் இருக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவன் நிற்பதில்லை. தரையில் பதித்த ஒரு வெள்ளைத் தட்டுக்குப் பின்னால் முகமூடி போட்டுக்கொண்டு ஆட்டம் முடியும்வரை குந்தியிருக்கிறான். எங்கள் அபார்ட்மென்டுக்குப் பின்னால் இருந்த பார்க்கில் ஒரு பக்கம் கிரிக்கெட், மறுபக்கம் பேஸ்போல். சின்ன வயதில் இவன் மறுபக்கம் போய்விட்டான், அவ்வளவுதான் கதை.

அவனை எடுத்தது அமெரிக்காவில் ஒரு பெரிய அணி. பெரிய அணி என்பது பேருக்குத்தான். அவர்கள் தோற்பதைத் தவிர வேறொன்றை ஒழுங்காகச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த அணிக்குக் கீழே படிப்படியாகச் சின்ன அணிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பண்ணை என்பார்கள். பிள்ளைகளை அங்கே வளர்த்து, பதம் பார்த்து மேலே எடுப்பதாம். பண்ணை என்று பேர் வைத்தால் தண்ணீரும் ஊற்ற வேண்டாமா? என் மகனும் அவனைப் போன்ற பெடியளும் இரண்டு படி கீழே, வருடக்கணக்காக பஸ்ஸில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார்கள். மேலே இருக்கிற கச்சர் பந்தைக் கோட்டைவிட்டால் இவர்களில் ஒருவனை எடுக்கமாட்டார்கள். வேறெவரோ கழித்துவிட்ட, முழங்கால் தேய்ந்த ஆள் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கொண்டுவருவார்கள். அவரும் கோட்டைவிடுவார். கோதாரியிலை போவார்! ரீவிக்கு முன்னால் இருந்து நான் கத்துகிற கத்தலுக்கு நெஞ்சு எப்போதோ அடைத்திருக்க வேண்டும் என்று மகள் பிறகு சொன்னாள்.

சனமும் சும்மா விடாது. பிறந்தநாள் விழா ஹோலில் சாப்பாட்டுக் கோப்பையோடு பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, "தம்பி இன்னும் பந்துதானோ பொறுக்கிறார்?" என்பார்கள். ரெக்ஸ்டேலில் இருக்கிற அண்ணை ஒருவர், "ஒரு ரியல் எஸ்டேட் லைசென்ஸ் எடுத்து விடுமன் அவனுக்கு" என்று காணும்போதெல்லாம் சொல்லுவார். நான் சிரித்துச் சமாளிப்பேன். காரில் ஏறிய பிறகு மனைவியிடம் பாய்வேன். "எனக்கென்னத்துக்குக் கத்திறியள்? அந்த அண்ணையிட்டைச் சொல்லுறதுதானே?" என்பாள் அவள்.

உண்மையில் எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். மகனுக்கு இருபத்தாறு வயது. எங்களுக்கு அது பிள்ளை. பண்ணையில் அது விதைக்கு விட்ட கத்தரிக்காய். இந்த முறையும் மேலே போகாவிட்டால் ஆட்டக்காலம் முடிய அனுப்பிவிடுவார்கள் என்று அவனே சொல்லியிருந்தான். அந்த நேரத்தில் போய், அப்பாவுக்கு நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவான். அவன் குந்தியிருந்த இடத்தில் அடுத்த நாளே இன்னொருவன் குந்திவிடுவான்.

நெஞ்சைத் திறந்தார்கள், தைத்தார்கள். நான் வார்டுக்கு வந்து சேர்ந்த பிறகு ஒரு மத்தியானம் அவனுடைய அழைப்பு வந்தது. மனைவி என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள்.

"அம்மா, என்னை மேல கூப்பிட்டிட்டாங்கள்!"

"எங்கை? பெரிய ரீமுக்கோ?"

"இல்லையம்மா, ஒரு படி மேல. அங்கத்தைய கச்சருக்குப் பெருவிரல் முறிஞ்சுபோச்சு. நாளைக்குப் பகல் மட்ச், முதல்லயிருந்து நான்தான் பிடிக்கிறன். ஹெட் ஒபிசிலயிருந்து ஒராள் பாக்க வருதாம். நல்லாச் செய்தா அங்கேயே வைச்சிருப்பாங்கள். அதுக்கு அடுத்தது பெரிய ரீம்தான்."

இவ்வளவு காலமாக நான் காத்திருந்த செய்தி. கையெட்டும் தூரத்தில் அவன் குரல். என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியவன் சும்மா இருமக்கூடாது. அதற்கென்று ஒரு தலையணை தந்திருந்தார்கள். அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டுதான் இரும வேண்டும். நான் தலையணையை முகத்தில் அமத்தினேன். நெஞ்சு பிளந்துவிடும் போல் இருந்தது. இருந்தும் கொஞ்சம் சத்தம் வெளியே வந்துவிட்டது.

"அதென்ன சத்தம்?"

"ரீவி தம்பி," என்றாள் மனைவி.

"ஓ," என்றான். "அப்பா எடுத்தாரெண்டால் சொல்லுங்கோ. கோயிலில என்ரை பேருக்கும் ஒரு அர்ச்சனை செய்யச் சொல்லுங்கோ."

போனை வைத்ததும் அவள் என் வாயைத் துடைத்துவிட்டு, "செத்துகித்துப் போயிடாதேங்கோ இஞ்சை" என்று என் மேல் எரிந்து விழுந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

மறுநாள், பக்கத்து ஊரான விட்பியில் இருக்கிற மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். சாப்பாட்டு மேசையைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்து, அதில் தன் ரப்லெற்றை நிறுத்தி ஆட்டத்தைப் போட்டுத்தந்தாள். மனைவி பார்க்கமாட்டேன் என்று யன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவள் பார்த்தால் அவன் தோற்பான் என்பது அவளுடைய நம்பிக்கை. நான் பார்க்காவிட்டால் தோற்பான் என்பது என்னுடையது. இரண்டுக்கும் நடுவில் மகள் இருந்து, "றிலாக்ஸ் அப்பா, ப்ளீஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிடிப்பதில் அவன் பிழைவிடவில்லை. ஆனால் மட்டையோடு வந்த முதல் தரம் வெளியே போனான். இரண்டாம் தரம் பந்தை நல்லாகத்தான் அடித்தான். நேரே ஒருவன் கைக்குள் போய் விழுந்தது. "உவன் ஏன் அதிலை நிக்கிறான், விசரன்!" என்று நான் சத்தம் போட, தலைமாட்டில் இருந்த மெசின் கீச்சிட்டது. தாதி ஓடிவந்து எண்களைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள், குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் தரம் அவன் மட்டையோடு நடந்து வந்தபோது வர்ணனையாளர் அவனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ரொறன்ரோப் பையன் என்றார். பண்ணையில் நெடுங்காலம் கிடந்தவன் என்றார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, இவனுடைய அப்பாவுக்குப் போன கிழமை இருதய சத்திரசிகிச்சை நடந்தது என்றார்.

மனைவி யன்னலிலிருந்து திரும்பிவிட்டாள்.

வர்ணனையாளர் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டு போனார். மகனுடைய ஆட்டம் கெடக்கூடாது என்று குடும்பம் அதை மறைத்திருக்கிறதாம். அப்பா இலங்கைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார்களாம். ஆனால் சத்திரசிகிச்சை நடந்த அன்றே இவனுக்குத் தெரியுமாம். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று பயிற்சியாளர் சொன்னாராம். 'நான் போய் நின்றால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும், தன்னால் என் ஆட்டம் போச்சு என்று மனுசன் படுத்த படுக்கையில் கவலைப்படுவார்' என்று இவன் மறுத்துவிட்டானாம். பயிற்சியாளர் தன்னிடம் சொன்ன கதை இது என்றார்.

அப்போது வந்த மூன்றாவது பந்துக்கும் மகன் மட்டையை வீசினான். படவில்லை. மூன்றாம் தரமும் வெளியே.

நான் மகளைப் பார்த்தேன். அவள் தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

"நீயோ சொன்னனி?"

"ஓம். நான்தான் சொன்னனான்." பிறகு தலையை நிமிர்த்தினாள். "ஹீ இஸ் யுவர் சன், அப்பா. அவனுக்கு அறிய உரிமை இல்லையோ? உங்கட மாமா செத்ததை மறைச்சதுக்கு நீங்கள் இன்னும் கத்திறியள். எத்தினை தரம் கேட்டிருப்பன் அந்தக் கதையை!"

எனக்கு ஏச வாய் வந்தது. ஏசுவதற்கு மூச்சு வேண்டும், மூச்சு எடுத்தால் கம்பி இழுத்தது. அதைவிட, அவள் சொன்னதில் ஏசுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அர்ச்சனை செய்யச் சொல்லுங்கோ என்றானே, அதை எண்ணிக்கொண்டு கிடந்தேன். இருமியது ரீவி இல்லை என்று தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறான்.

ஆட்டம் முடிகிற கட்டத்துக்கு வந்தது. மகனுடைய அணி ஒரேயொரு ஓட்டம் முன்னால். எதிரணிக்காரன் ஒருவன் மூன்றாம் தளத்தில், ஓடிவரத் தயாராகக் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றான். அடிக்கிறவன் இன்னும் ஒரு பந்தைத் தவறவிட்டால் வெற்றி. ஆனால் அந்தப் பந்தைக் கச்சர் நேரே பிடிக்காவிட்டால் அடிக்கிறவன் ஓடலாம், அவனைப் பந்தால் தொட்டால்தான் வெளியே. அது கச்சரைத் தாண்டிப் பின்னால் போனால் மூன்றாம் தளத்தவன் தட்டுக்கு வந்து ஓட்டம் எடுத்துவிடுவான், சமநிலை. மகளின் கை என் மணிக்கட்டில் இருந்தது. எப்போது பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது.

எறிந்தவன் பந்தை நிலத்தில் குத்திவிட்டான். அடிக்கிறவன் வீசித் தவறவிட்டான். பந்து மண்ணில் பட்டு, எவரும் எதிர்பாராத பக்கமாகக் கிளம்பியது. அதைக் கையால் பிடிக்க வழியில்லை. மகன் பிடிக்கப் போகவும் இல்லை. முழங்காலில் விழுந்து நெஞ்சைக் கொண்டுபோய் அதற்கு முன்னால் கொடுத்தான். கவசத்துக்கு மேலே, கழுத்தடியில் அது பட்ட சத்தம் அந்தச் சின்னத் திரையிலும் கேட்டது. அவன் முன்னால் கவிழ்ந்தான். கவிழ்ந்தபடியே பந்தைத் துழாவி எடுத்து, ஓடத் திரும்பிய மட்டைக்காரனின் முதுகில் தொட்டான்.

"முடிஞ்சுதோ? என்ன நடந்தது?" என்று, மறுபடி யன்னல் பக்கம் திரும்பியிருந்த மனைவி கேட்டாள்.

"வெண்டாச்சு அம்மா," என்றாள் மகள், அழுதுகொண்டு.

நான் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். மற்ற ஆட்டக்காரர்கள் வந்து பந்து எறிந்தவனைத் தூக்கினார்கள். மகன் எழும்பி, கழுத்தடியைத் தேய்த்துக்கொண்டு, ஓரமாய் நின்று சிரித்தான். நெஞ்சால் மறித்ததற்கு ஆட்டக் கணக்கில் ஒரு புள்ளியும் இல்லை. மூன்று தரம் மட்டையோடு போய் மூன்று தரமும் வெளியே, அதற்கு மட்டும் இடம் உண்டு.

பின்னேரம் போன் அடித்தது. மனைவி எடுக்கப் போனாள். நான் கையை நீட்டினேன். என்னைப் பார்த்துவிட்டுத் தந்தாள்.

"ஹலோ," என்றேன்.

"அப்பா?" கொஞ்சம் தடுமாறினான். பிறகு, "ஊரில நல்ல வெயிலோ?"

"ஓம். நல்ல வெயில்." வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

அவன் பக்கம் பஸ் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"அப்பா, என்னைத் திரும்பக் கீழ அனுப்பினம். இப்பதான் கூப்பிட்டுச் சொன்னவை. வேற எங்கையோ கழிச்சுவிட்ட கச்சர் ஒராளை எடுத்திருக்கினமாம். இந்த வருசத்தோட என்னையும் விட்டிடுவினம் போல."

இதை அவன் மறைத்திருக்கலாம். நான் நோயாளி, ஒரு கிழமை பொறுத்துச் சொல்லியிருக்கலாம். எங்கள் வழக்கம் அதுதானே. அந்த அணிக்காரரைத் திட்டுவதற்கு எனக்கு வாயில் எத்தனையோ சொல் உண்டு. அவற்றை விழுங்கிக்கொண்டேன்.

"தம்பி, நான் ஊரில இல்லை."

"தெரியும் அப்பா."

"ஆஸ்பத்திரியில கிடக்கிறன். நெஞ்சை வெட்டித் தைச்சிருக்கினம்."

"தெரியும்." பிறகு மெல்லக் கேட்டான். "நோகுதோ?"

டொக்டர் கேட்டபோது இல்லை என்றேன். தாதி கேட்டபோது இல்லை என்றேன். மனைவி ஒவ்வொரு நாளும் கேட்டாள், அவளுக்கும் இல்லை என்றுதான் சொன்னேன்.

"நோகுது ராசா," என்றேன். "சரியா நோகுது. உனக்கு?"

பஸ் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அவன் இன்னும் ஏறவில்லை.

"ஓம் அப்பா," என்றான். "எனக்கும் நோகுது."