ஹாலில் ஒரு சினைப்பசு

என் மனைவிக்கு மாடு என்றாலே ஆகாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் பால்காரர் வீட்டு மாடு ஒன்று அவளைத் தெருமுனை வரை விரட்டியிருக்கிறது. கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்த பிறகும், ஊருக்கு வெளியே மேரு பக்கம் போகும்போது சாலையோரம் மாடு மேய்ந்தால் கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்வாள். மாடு கதவைத் திறந்துகொண்டா வரப்போகிறது என்று கேட்டால், வந்தால் யார் பதில் சொல்வது என்பாள். அப்பேர்ப்பட்டவள்தான் தொண்ணூறுகளில் எங்கள் ஹாலிலேயே ஒரு பசுவைக் கட்டினாள்.

பசு இருந்தது பிள்ளைகளுக்காக வாங்கிய கேம் பெட்டியில். டிவியில் மாட்டி விளையாடுவது. அதற்கான கேசட்டுகளைப் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் ஒரு கடைக்காரர் மேசையில் குவித்துப்போட்டு விற்பார். துப்பாக்கிச் சண்டை வேண்டும் என்று என் மகன் பொறுக்கியெடுத்ததில், சண்டையே இல்லாத ஒன்று வந்து சேர்ந்தது. தொப்பி போட்ட ஓர் இளைஞன், அவனுக்குப் பாழாய்க் கிடக்கும் ஒரு பண்ணை. கல்லைப் பொறுக்கி, மண்ணைக் கொத்தி, விதை போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். விளைந்ததை விற்றுக் கோழி வாங்கலாம், மாடு வாங்கலாம். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. பிள்ளைகள் சீக்கிரமே சலித்துப்போய்த் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

அவர்கள் பள்ளிக்குப் போன நேரத்தில் இவள் எடுத்திருக்கிறாள். நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீடு திரும்ப மாலையாகிவிடும். ஒருநாள் வந்து பார்த்தால் ஹாலில் முள்ளங்கி அறுவடை நடந்துகொண்டிருக்கிறது, அடுப்பில் ஒன்றுமில்லை.

அது கள்ள கேசட் என்பதால் விளையாடியது எதுவும் அதில் பதியாது. பெட்டியை அணைத்தால் பண்ணை போச்சு, மறுபடி முதல் கல்லிலிருந்து பொறுக்க வேண்டும். ஒருமுறை மகன் தெரியாமல் அணைத்துவிட, அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் வெறும் ரசம்தான். அதற்குப் பிறகு பெட்டி இரவும் பகலும் எரிந்துகொண்டே இருந்தது. அது சூடாகிறது என்று என் மேசை விசிறியை எடுத்து அதற்கு வைத்துவிட்டாள். நான் வியர்த்துக்கொண்டு பேப்பர் படித்தேன்.

பண்ணையில் கொஞ்சம் வருமானம் வந்ததும் பசு வாங்கினாள். தினமும் தேய்த்துவிடுவாள், தீவனம் வைப்பாள், என்னிடம் பேசாததையெல்லாம் அதனிடம் பேசுவாள். அது சோர்ந்து தெரிகிறது என்று விளையாட்டில் வரும் ஊர்க்கடையில் மருந்துப் புட்டி மாதிரி ஒன்றைப் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறாள். மறுநாள் தொழிற்சாலைக்கு இவளிடமிருந்து போன் வந்தது. மாட்டைத் தனியாகக் கட்டிவிட்டார்களாம், என்ன வியாதியோ தெரியவில்லையாம், குரல் உடைந்து போயிருந்தது. நான் போனை வைத்ததும், எந்த மாடு, யாருடைய மாடு என்று ஆபீஸில் எல்லாரும் விசாரித்தார்கள்.

மாட்டுக்கு என்ன என்று கண்டு சொன்னது பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி. ஜப்பான் எழுத்தில் நடுநடுவே சீன எழுத்தும் வரும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. ஆன்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். தெரிந்த எழுத்துகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, மலாயில் "லெம்பு மாவ் பெரானாக் லா," என்றார். மாடு கன்று போடப்போகிறது. டானிக் என்று இவள் கொடுத்தது பசுவைச் சினையாக்கும் மருந்து. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார்களாம். பிரசவமான உடம்புக்கு இஞ்சிதான் நல்லது என்று ஆன்டி மறுநாள் ஒரு பை இஞ்சியைக் கொண்டுவந்து கொடுத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு மாலை, திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். ஏரியல் காற்றில் திரும்பிவிட்டது என்று முடிவு செய்து, நான் கார் கொட்டகை மேல் ஏறிவிட்டேன். ஏரியலை ஷா ஆலம் பக்கம் திருப்பினேன், கடல் பக்கம் திருப்பினேன். இப்போது எப்படி என்று மேலிருந்து கத்த, இன்னும் இருக்கிறது என்று இவள் கீழிருந்து கத்த, தெருவே வேடிக்கை பார்த்தது. டியூசனிலிருந்து வந்த மகள் டிவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே வந்து சொன்னாள்.

"அப்பா, எறங்குங்க. அது ஸ்நோ."

பண்ணையில் குளிர்காலம் வந்துவிட்டது. புல்லெல்லாம் போய்விட்டது. புல் போகும் என்று கிள்ளானில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? இங்கே வெட்டிப்போட்டால் அடுத்த வாரமே முழங்காலுக்கு நிற்கிறது. இவள் ஒரு கட்டுப் புல்கூடச் சேர்த்துவைக்கவில்லை. இருந்ததையெல்லாம் கொடுத்துக் கடையில் தீவனம் வாங்கி, பசுவின் வயிறு காயாமல் பார்த்துக்கொண்டாள். இன்றோ நாளையோ என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து, ஒரு சனிக்கிழமை மதியம், வானம் கறுத்தது. முன்பு ஒரு டிவியை இடிக்குப் பறிகொடுத்தவன் நான். முதல் உறுமல் கேட்டதுமே வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். அதில் யாருக்கும் சலுகை கிடையாது. ஐஸ் பெட்டியைப் பிடுங்கினேன், ரேடியோவைப் பிடுங்கினேன். ஹாலுக்கு வந்தால், இவள் சுவரோடு ஒட்டி பிளக்கை மறைத்து நிற்கிறாள்.

"டிவிய புடுங்குங்க, ஏரியலையும் கழட்டுங்க. இத மட்டும் விட்ருங்க."

"இடி விழுந்தா என்ன பண்ணுவ?"

"புள்ளத்தாச்சிங்க அவ. எப்படிங்க அணைக்கிறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பொம்மை மாட்டுக்காக வீட்டைக் கொளுத்துவதா என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். மாட்டுக்குப் பயந்து கண்ணாடி ஏற்றுகிறவள், இடிக்குப் பயப்படாமல் நின்றாள். டிவியையும் ஏரியலையும் மட்டும் பிடுங்கினேன்.

திரை இருண்டுவிட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. நாங்கள் நான்கு பேரும் அதைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தோம். வெளியே மழை கொட்டுகிறது, இடி தலைக்கு மேல் உருளுகிறது. பண்ணைக்காரன் குளிரில் வெளியே நிற்கிறானா, வீட்டுக்குள் இருக்கிறானா என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நான் கேட்டது எனக்கே உறைத்தது. கட்டில் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன் என்றாள். அந்த நேரம் பளீரென்று ஒரு மின்னல். கூரை விசிறி தள்ளாடியது. சிவப்பு விளக்கு மங்கியது. இவள் என் கையை நகம் பதியப் பிடித்தாள். விளக்கு அணையவில்லை. விசிறி மறுபடி வேகம் பிடித்தது.

மழை விட்டதும் டிவியை மாட்டினேன். பண்ணைக்காரன் கட்டில் பக்கத்திலேயே நின்றான். இவள் பொத்தான் கருவியை என் கையில் திணித்துவிட்டாள். அதுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. எந்தப் பொத்தான் என்று என் கட்டைவிரலை அவளே நகர்த்தினாள். அவனைப் படுக்கவைத்தேன், விடிந்தது. தொழுவத்துக்குள் போனால் பசுவுக்குப் பக்கத்தில் ஒரு கன்று நிற்கிறது. பிள்ளைகள் குதித்தார்கள். இவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உடனே திரையில் எழுத்துக் கட்டங்கள் வந்தன. கன்றுக்குப் பெயர் வைக்க வேண்டுமாம்.

"நீங்க வைங்க," என்றாள்.

அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. மகனுக்கு ஜோசியர் சொன்ன எழுத்தில் என் அக்கா பெயர் வைத்தாள். மகளுக்கு என் மாமனார் முடிவு செய்து, பதிவு செய்ய மட்டும் என்னை அனுப்பினார். கைக்கு அகப்பட்ட ஜப்பான் எழுத்துகளை அழுத்திவிட்டு, டிவியின் ஓரமாகக் குனிந்து, குழந்தையின் காதில் சொல்வதுபோல ஒரு பெயரை மூன்று முறை சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

"இது எப்ப நெனச்ச பேரு?"

"பொண்ணு பொறந்தப்ப."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

தன் பெயரைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். வீட்டில் கூப்பிட அதையே வைத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே முடிவாகிவிட்டது. இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அந்தப் பெயரை முதலில் வாங்கிக்கொண்டது ஒரு கன்றுக்குட்டி என்பதை மட்டும் அவள் மாமியார் வீட்டில் இன்னும் சொல்லவில்லை.