பிள்ளை இறங்காவிட்டால் ஊஞ்சல் இறங்கட்டும்

கொக்குவிலில் மகள் வீட்டில் இடியப்பத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. என் கை முழுதும் மா. மகள்தான் எடுத்து என் காதில் வைத்தாள். கரவெட்டியிலிருந்து தர்சினி, எங்கள் பழைய மாணவி. “ரீச்சர், எங்கடை மலர் ரீச்சர் மோசம் போட்டா. நித்திரையிலையே...” என்றவள் மேலே கதைக்க முடியாமல் அழுதாள். நான் அழவில்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசியாகப் பார்க்கப் போனபோது, அடுத்தமுறை வரும்போது நல்லெண்ணெய் கொண்டுவா என்று கட்டளையிட்ட மனுசி, நான் அதை வாங்கி வைத்த பிறகு இப்படிச் செய்யலாமா?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் இந்த நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அவருடைய மகன், “அம்மா ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் போட்டா எண்டு எழுதுங்கோ” என்றார். போனது அப்படித்தான். ஆனால் இருந்த காலம் முழுதும் சண்டிலிப்பாயில் அவர் கரைச்சல் கொடுக்காத ஆள் யாரும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் பாலர் பாடசாலைக்கு அவர் பொறுப்பாசிரியை, நான் உதவி. எந்த வேலை சரிவந்தாலும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “நான் அப்பவே சொன்னனான்” என்பார். பெரும்பாலும் அப்போது சொல்லியிருக்கமாட்டார். அவரிடம் அரிவரி படித்த உங்களுக்கு இது தெரியும். அந்த ஊஞ்சல் எப்படி வந்தது என்பதுதான் உங்களில் பலருக்குத் தெரியாது.

பாடசாலை முற்றத்து மாமரத்தில் முதலில் ஒரு சாதாரண ஊஞ்சல் தொங்கியது. வேறு விளையாட்டுச் சாமான் எதுவும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குண்டு போடும் பொம்மரின் இரைச்சல் கேட்டால் பிள்ளைகளை மண்மூட்டை அடுக்கிய உள்ளறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஒருநாள் எல்லோரும் உள்ளே ஓடிவிட, ஊஞ்சலில் இருந்த தர்சினி மட்டும் கயிற்றை விடவில்லை. வடக்குக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளை, நாலு வயது. முன்பு ஒருமுறை அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு அந்தக் குடும்பம் வீடு திரும்பவேயில்லை. விட்டால் இதுவும் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ. மலர் ரீச்சர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். பிள்ளை கையைக் கடித்துவிட்டது. மேலே விமானம் வட்டமடிக்க, ரீச்சர் தன் பெரிய உடம்பால் பிள்ளையை ஊஞ்சலோடு சேர்த்து மூடிக்கொண்டு நின்றார். நான் அறை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். குண்டு வேறெங்கோ விழுந்தது.

அன்று பின்னேரமே பெற்றோர் கூடி, ஊஞ்சலை அறுத்துவிடச் சொன்னார்கள். அவர்களிலும் பிழை சொல்ல முடியாது. “பிள்ளையள் இறங்குதுகள் இல்லை. நாளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு, ரீச்சர்?” என்று ஒருவர் கேட்க, தர்சினியின் தாயும் தலையாட்டினாள். ரீச்சர் கடிபட்ட கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “பிள்ளை இறங்காட்டி ஊஞ்சல் இறங்கட்டும். அடுத்த கூட்டம் வரைக்கும் பொறுங்கோ. சரிவராட்டி நானே அறுக்கிறன்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது விளக்கினார். தொங்கும்போது அது ஊஞ்சல். கழற்றித் தரையில் வைத்தால் முன்னும் பின்னும் ஆடும் கதிரை. பிள்ளை இருந்தபடியே இருக்க, இரு பக்கமும் இரண்டு பேர் பிடித்து உள்ளறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பிள்ளைக்கு ஆட்டம் நிற்கக்கூடாது. “அவ்வளவுதான்” என்றார், ஏதோ புட்டு அவிக்கப் போவதுபோல.

தரையில் ஆடுவதற்கு வில்போல வளைந்த இரண்டு கால்கள் வேண்டும். சைக்கிள் றிம்மை வெட்டிப் பார்த்தோம். அது மெல்லிசு, மண்தரையில் புதைந்துபோனது. மரம் விற்கும் மரக்காலையில் பலகையே இல்லை. இயற்கையாகவே வளைந்து வளர்ந்த மரக்கொப்பு இரண்டு, ஒரே வளைவில், எந்த வேலியிலாவது இருக்கும் என்று ரீச்சர் ஒரு கயிற்றுத் துண்டோடு ஒழுங்கை ஒழுங்கையாக நடக்கத் தொடங்கினார். வளைவு ஒத்துவராவிட்டால் கதிரை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டுமாம்.

இங்கேதான் எங்கள் வீடு கதைக்குள் வருகிறது. எங்கள் வீட்டு வளவுக்கும் பக்கத்து வளவுச் சின்னத்தம்பியரின் வளவுக்கும் இடையே உள்ள வேலிக்கு ஒரு வழக்கு இருந்தது. நீதிமன்றம் இயங்காமற்போன பிறகும் வழக்கு மட்டும் நன்றாக இயங்கியது. சரியாக எல்லையில் ஒரு கிழட்டுப் பூவரசு. எங்கள் பக்கம் ஒரு கொப்பு, அவர் பக்கம் ஒரு கொப்பு, இரண்டும் ஒரே வளைவு. ரீச்சர் கயிற்றை வளைத்துப் பிடித்து அளந்துகொண்டு நின்றார். யாழ்ப்பாணத்தில் ஒருவர் வேலியில் கயிறு பிடித்தால் அதற்கு ஒரேயொரு பொருள்தான்: எல்லை அளக்கிறார்.

“ரீச்சர், அளக்கிறதெண்டால் பழைய வேலிக் கதியால் எங்கை நிண்டதெண்டு என்னட்டைக் கேளுங்கோ” என்று அந்தப் பக்கமிருந்து சின்னத்தம்பியர் குரல் கொடுத்தார்.

என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். “உவர் காட்டுற இடத்திலை அளக்காதேங்கோ! நீங்கள் என்ன, உவற்றை சாட்சியோ?”

“எனக்கு உங்கடை நிலம் வேண்டாம். ரெண்டு கொப்பு வேணும்.”

அது நிலத்தைவிடக் கஷ்டமான காரியம். ஒருவர் வெட்டினால் மரம் அவருடையது என்றாகிவிடும் என்று மற்றவர் மறிப்பார். இதனாலேயே அந்தப் பூவரசில் பல காலமாகக் கத்தி பட்டதில்லை. ரீச்சர் தர்சினி கடித்த கையை இருவருக்கும் நீட்டிக் காட்டினார். நடந்ததைச் சொன்னார். பிறகு, “வழக்கை வச்சிருங்கோ, கொப்பை மட்டும் தாங்கோ. ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை வெட்டுங்கோ. ஆர் முந்தினது எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன்” என்றார்.

இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு கோடாலியோடு, ஒருவரையொருவர் பாராமல், தத்தம் பக்கத்தில் நின்றார்கள். நடுவில் வேலிப் பொட்டின் இடைவெளிக்குள் ரீச்சர் நின்று, “ஒண்டு, ரெண்டு, மூண்டு!” என்றார். வெட்டு விழுந்தது. அந்த வேலியில் இரு பகுதியும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். எந்தக் கொப்பு முதலில் விழுந்தது என்று நானும் பார்த்தேன். சொல்லமாட்டேன்.

தச்சுவேலையை ஊர்த் தச்சர் செய்தார். அவர் அடித்த ஆணி ஒவ்வொன்றுக்கும் ரீச்சர் ஒரு கேள்வி கேட்டார். பழைய கதிரைகள் இரண்டை அறுத்து ஒட்டி, இரண்டு பிள்ளைகள் இருக்கக்கூடிய இருக்கை. கீழே பூவரசங் கால்கள். இரு பக்கமும் கைபிடித் தடி. மூலைக் கயிறுகள் மேலே ஒரு இரும்பு வளையத்தில் சேரும். மாமரத்திலிருந்து இறங்கிய சங்கிலியின் கொளுக்கியில் அந்த வளையத்தை மாட்டினோம். பிள்ளைகளை ஏற்றுமுன் தானே ஏறிப் பார்க்க வேண்டும் என்று ரீச்சர் பிடிவாதமாக நின்றார். ஏறினார், காலால் உன்னினார், இன்னும் உன்னினார். வளையம் கொளுக்கியிலிருந்து துள்ளிக் கழன்றது. ரீச்சர் விழுந்த சத்தத்துக்கு அயல்வீட்டு நாய்கள் குரைத்தன. தூக்கிவிட ஓடினேன். “சிரிக்கிறதெண்டால் சிரி. நான் விழுந்தபடியால் இனிப் பிள்ளையள் விழமாட்டினம்” என்றார். நான் சிரித்தேன். அடுத்தநாள் சின்னத்தம்பியர் தன் பழைய மாட்டுவண்டில் சில்லின் கடையாணியைக் கொண்டுவந்து தந்தார். அதைக் கொளுக்கிக்குக் குறுக்கே செருகிவிட்டால் வளையம் துள்ளாது. இழுத்துவிட்டுத் தூக்கினால் கழன்றுவிடும். அந்த ஆணியை ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம்.

கூட்டத்துக்கு முன்பே பொம்மர் வந்துவிட்டது. பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். தர்சினி வழக்கம்போலக் கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த பொடியனும் அவளைப் பார்த்து இறுக்கிப் பிடித்தான். ரீச்சர் கடையாணியை இழுத்தார். “பிடி, தூக்கு, நட!” ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். சாமி தூக்குவதுபோல இருவரையும் ஊஞ்சலோடு காவிக்கொண்டு முற்றத்தைக் கடந்தோம். உள்ளறையில் வைத்ததும் அது தானாகவே ஆடியது, முன்னும் பின்னும், ஒரு பக்கமும் திரும்பாமல். தர்சினி சுற்றிப் பார்த்தாள். கைகளில் கயிறு அப்படியே இருந்தது. மேலே இரைந்துகொண்டிருந்தது, அவள் சிரித்தாள். மற்றப் பிள்ளைகள் அழ மறந்து, அடுத்தது தங்களுடைய முறை என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். ரீச்சர் காலால் ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். வாயைத் திறக்குமுன் நானே சொன்னேன்: “ஓம், ஓம். நீங்கள் அப்பவே சொன்னனீங்கள்.” விமானம் போன பிறகு ஒரு பிள்ளையும் வெளியே வரமாட்டேன் என்றது.

ஊஞ்சலை அறுக்கும் பேச்சு அதோடு நின்றது. கூட்டத்துக்கு வந்த சின்னத்தம்பியர் ஊஞ்சலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்ரை பக்கத்துக் கால்தான் பாரம் தாங்குது” என்றார். என் கணவர் விடவில்லை: “எங்கடை கால்தான் ஆட்டுது.” ஆனால் இருவரும் ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் அதைச் சொன்னார்கள். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதியே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, ரீச்சர் தன் அலுமாரியை விட்டுவிட்டு ஊஞ்சலை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார். போன இடத்திலும் முதலில் தேடியது மாமரத்தைத்தான். ஊர் திரும்பி அவர் ஓய்வு பெற்றபின் அது அவருடைய முற்றத்துக்கு வந்தது. கயிறு எத்தனையோ முறை மாறிவிட்டது. பூவரசங் கால் மாறவில்லை.

செத்தவீட்டன்றும் அது அதே முற்றத்தில்தான் தொங்கியது. தர்சினியின் சின்ன மகள் ஏறி ஆடிக்கொண்டிருந்தாள். பாடை வாசல் படலைக்குப் போகும் வழியும் அதுதான். “இறங்கு பிள்ளை, இறங்கு” என்றார்கள். தாய்க்குப் பிறந்த பிள்ளை. கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். யாரோ ஒருவர் இழுக்கக் கையை நீட்டினார். நான் தர்சினியைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அழுதுகொண்டே போய்க் கடையாணியை இழுத்தாள். “பிடி, தூக்கு, நட!” அப்படிக் கத்தியது நான்தான். பறையையும் மீறி அது கேட்டிருக்க வேண்டும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ தெரியாது. ஓரமாகக் கொண்டுபோய் வைத்தோம். பிள்ளை ஆடிக்கொண்டே இருக்க, அவளுக்கு முன்னால் ரீச்சரைக் கொண்டுபோனார்கள்.

நினைவாகக் கடையாணியை எடுத்துக்கொள்ளச் சொன்னார் மகன். அது கொளுக்கியிலேயே இருக்கட்டும் என்றுவிட்டேன். நான் எடுத்துக்கொண்டது அந்த மூன்று சொற்களை. கால் எழும்ப மறுக்கும் காலைகளில் எனக்கு நானே அவற்றைச் சொல்லித்தான் கட்டிலை விட்டு இறங்குகிறேன். உங்களுக்கு ஒரு செய்தி மட்டும் சொல்ல வேண்டும், ரீச்சர். வீடு முழுதும் அழுதது. ஊஞ்சலில் இருந்த பிள்ளை அழேல்லை. நீங்கள் அப்பவே சொன்னனீங்கள்.